பிப்ரா ஏரி: வலப்பக்கம் தண்ணீர், இடப்பக்கம் மணல்

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குத் தெற்கே, காரில் ஏறினால் இருபது நிமிடத்துக்குள் போய்ச் சேரும் இடம் பிப்ரா ஏரி. பீலியர் வட்டாரப் பூங்கா என்ற பெயரில் காக்கப்படும் ஏரிச் சங்கிலியில் இதுவும் ஒரு கண்ணி. சுற்றிவர ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் பாதை. மேற்குக் கரையில் ப்ராக்ரெஸ் டிரைவ் சாலையை ஒட்டி, பிள்ளைகள் விளையாடப் பெரிய திடல், கார் நிறுத்தும் இடம், கழிப்பறை எல்லாம் உண்டு. நுழைவுக் கட்டணம் கிடையாது. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்து மூன்று மாதம், ஆறு மாதம் தங்கும் பெற்றோர்கள் பலர், ஊஞ்சலுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். பெஞ்சிலிருந்து நூறு அடி நடந்தால் உலகில் வேறெங்கும் இல்லாத செடிகள் இருக்கின்றன. இந்த அத்தியாயம் முக்கியமாக அவர்களுக்கு.

இது நம் ஊர் ஏரி மாதிரி கரை கட்டித் தண்ணீரைத் தேக்கியது இல்லை. மதகும் இல்லை, கலிங்கும் இல்லை. பழைய மணல்மேடுகளுக்கு நடுவே ஒரு பள்ளம். நிலத்தடி நீர்மட்டம் உயரும்போது அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தெரிகிறது. மே முதல் ஆகஸ்டு வரை பெய்யும் மழை மணலில் இறங்கி, செப்டம்பர், அக்டோபரில் ஏரி நிறைந்து நிற்கும். பிறகு கோடை வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, மார்ச், ஏப்ரலில் சில ஆண்டுகள் வெறும் சேறாகிவிடும். 1970-களிலிருந்து இந்தப் பகுதியில் மழை குறைந்துகொண்டே வருவதால் வறண்ட ஏரியைப் பார்ப்பது இப்போது அதிசயமில்லை. ஆகவே ஒரு முறை வந்து தண்ணீரே இல்லையே என்று முகம் சுளித்தவர்கள், மாதம் பார்த்து மறுபடி வரவேண்டும்.

எந்த மாதம்?

இந்த மண்ணின் பூர்வகுடிகளான நூங்கர் மக்கள் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரிக்கிறார்கள். கார், கூதிர் என்று ஆறு பெரும்பொழுதுகளைப் பள்ளியில் மனப்பாடம் செய்த நமக்கு இது சட்டென்று பிடிபடும். டிசம்பர், ஜனவரி பிராக். பிப்ரவரி, மார்ச் புனுரு. அடுத்து ஜெரான், மகுரு. ஆகஸ்டு, செப்டம்பர் ஜில்பா. அக்டோபர், நவம்பர் கம்பராங். நாட்காட்டியில் கோடு போட்டுப் பிரித்த பருவங்கள் அல்ல இவை. எந்தப் பூ பூக்கிறது, எந்தப் பறவை முட்டையிடுகிறது என்று பார்த்து வகுத்தவை. பூவுக்காக நடப்பவர்களுக்கு ஐரோப்பியரின் நான்கு பருவக் கணக்கைவிட இதுதான் உதவும். காட்டுப்பூக்களுக்கு ஜில்பாவும் கம்பராங்கும். பிராக் பருவத்தில் ஒரே ஒரு மரத்துக்காகப் போகலாம். அதைப் பிறகு சொல்கிறேன். புனுரு பருவத்தில் பூ குறைவு. சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகள் இருக்கும்.

எந்தத் திசையில் நடப்பது?

ஏரியை வலம் வாருங்கள். பக்திக்காகச் சொல்லவில்லை, வெளிச்சத்துக்காகச் சொல்கிறேன். பூமத்திய ரேகைக்குத் தெற்கே, அதுவும் மகர ரேகையையும் தாண்டிய இடத்தில் இருக்கிறோம். இங்கே நண்பகல் சூரியன் எப்போதும் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். காலையில் மேற்குக் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தால் கண் கூசும். பறவையெல்லாம் கரிய நிழலாகத்தான் தெரியும். அதனால் மேற்குக் கரையில் தொடங்கி வடக்கே போய், கிழக்குக் கரையில் இறங்குங்கள். வலப்பக்கம் தண்ணீர், முதுகில் வெயில். தெற்குக் கரைக்கு வரும்போது மணி பத்தைத் தொட்டிருக்கும், வெயில் எதிரே வந்துவிடும். அப்போது தண்ணீரை விட்டுவிட்டு இடப்பக்கம் திரும்பி, மணலில் இருக்கும் செடிகளைக் குனிந்து பாருங்கள். பூக்களில் பல வெயில் ஏறிய பிறகுதான் நன்றாக விரியும். ஆறு கிலோமீட்டரை விறுவிறுவென்று நடந்தால் ஒன்றரை மணி நேரம் போதும். அப்படி நடப்பதானால் இந்தப் புத்தகம் தேவையில்லை. மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

தண்ணீர்ப் பக்கம்

முதலில் கண்ணில் படுவது கறுப்பு அன்னம். 1697-இல் டச்சு மாலுமி வில்லெம் டி விளாமிங் இங்கே வந்து, கறுப்பு அன்னங்கள் நீந்தும் ஆற்றுக்கு அன்ன ஆறு என்று பெயரிட்டுப் போனார். பெர்த் நடுவே ஓடும் ஸ்வான் ஆறு அதுதான். 1973 முதல் மேற்கு ஆஸ்திரேலியாவின் மாநிலப் பறவை இது. உட்கார்ந்திருக்கும்போது முழுக்கக் கறுப்பாகத் தெரிந்தாலும், எழும்பிப் பறக்கும்போது இறக்கையின் ஓரம் பளீரென வெள்ளை. சிவந்த அலகின் நுனிக்கு அருகே ஒரு வெள்ளைக் கீற்று இருக்கும். குளிர்காலத்தில் நாணல் குவியலில் கூடு கட்டி, ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். செப்டம்பரில் சாம்பல் நிறக் குஞ்சுகள் வரிசையாகப் பின்னால் நீந்தும். அந்த நேரத்தில் அருகே போனால் பெரிய பறவை கழுத்தை நீட்டிச் சீறும். சீறினால் பின்வாங்குங்கள்; அது விளையாட்டுக்குச் செய்வதில்லை.

நம் ஊர் ஏரிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே பாதிப் பறவைகள் உறவினர்கள்தான். நெற்றியில் வெள்ளைப் பட்டை போட்ட நாமக்கோழி, நம் ஊரில் இருக்கும் அதே இனம். நாணல் ஓரத்தில் வாலை வெட்டி வெட்டி நடக்கும் நீலத்தாழைக்கோழி, நம்முடையதற்குப் பங்காளி. சிவந்த அலகும் நீல மார்பும் பார்த்ததும் தெரிந்துவிடும். பாம்புத்தாரா, நீர்க்காகம், கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நெடுங்கால் உள்ளான் எல்லாவற்றுக்கும் இங்கே ஓர் ஆஸ்திரேலிய வடிவம் உண்டு. கூழைக்கடாவும் வரும். ஆஸ்திரேலியக் கூழைக்கடாவின் அலகுதான் பறவை உலகிலேயே நீளமானது. இவற்றுக்காக அதிகம் மெனக்கெட வேண்டாம். பழகிய முகங்கள், தானாகவே கண்ணில் படும்.

மெனக்கெட வேண்டியது கஸ்தூரி வாத்துக்கு. ஏரியின் நடுவே, தண்ணீரில் பாதி முழுகினாற்போல், கரிய கட்டை ஒன்று மிதப்பதைப் பார்த்தால் பைனாகுலரை எடுங்கள். ஆணாக இருந்தால் அலகுக்குக் கீழே தோல் மடல் ஒன்று தொங்கும். வசந்தத்தில் அந்த மடலை உப்பவைத்து, வாலை முதுகுப் பக்கம் விசிறியாக மடித்து, இரு கால்களாலும் தண்ணீரை உதைத்துத் தெறிக்கவிட்டு, நடுவில் ஒரு சீழ்க்கையும் அடிக்கும். பெண்ணை மயக்கவாம். பெண் பெரும்பாலும் கண்டுகொள்வதாகத் தெரியவில்லை. இந்த வாத்துக்குக் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் திறமையும் உண்டு. 1987-இல் ஆஸ்திரேலியத் தலைநகர் அருகே ஒரு சரணாலயத்தில் வளர்ந்த கஸ்தூரி வாத்து, பராமரிப்பாளரின் வசைச்சொல்லை அப்படியே சொன்னது ஒலிப்பதிவாக இருக்கிறது. 2021-இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தது. ஏரிக்கரையில் வாயை அடக்கிப் பேசுவது நல்லது.

கஸ்தூரி வாத்தைத் தேடும்போதே நீலமூக்கு வாத்தும் அகப்படலாம். ஆணின் அலகு வசந்தத்தில் பெயின்ட் அடித்த நீலம். இரண்டுமே கரைக்கு வராத ஜாதி, ஆழ்ந்த தண்ணீரில் முக்குளிப்பவை. ரொட்டிக்கு ஓடிவரும் கூட்டத்தில் இவற்றைத் தேடாதீர்கள்.

ரொட்டி என்றதும் ஒரு வார்த்தை. காக்கைக்குச் சோறு வைத்துப் பழகிய கை நமக்கு. குழந்தை கேட்டால் வாத்துக்கும் ரொட்டியைப் பிய்த்துப் போடத் தோன்றும். போடாதீர்கள். ரொட்டி அவற்றின் உடம்புக்கு ஆகாது. தின்னாமல் மிச்சமானது வெதுவெதுப்பான தேங்கிய நீரில் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். கோடையில் நீர் குறைந்து சூடேறும் இந்த ஏரிகளில் பாட்டுலிசம் என்ற நச்சுநோய் வந்து வாத்துகள் செத்து மிதப்பதுண்டு.

பிப்ரவரி, மார்ச்சில் வருபவர்களுக்குச் சேற்றுவெளியில் வேறு ஒரு காட்சி. சைபீரியா வரை போய் முட்டையிட்டுத் திரும்பிய உள்ளான்கள், பச்சைக்காலிகள் சேற்றைக் குத்தி இரை தேடும். நம் கோடியக்கரைக்கும் பழவேற்காட்டுக்கும் வரும் பச்சைக்காலி இதே இனம்தான். அவை வேறு வான்வழி, இவை வேறு வான்வழி. ஏப்ரல் முடிவதற்குள் பெரும்பாலானவை வடக்கே கிளம்பிவிடும்.

மணல் பக்கம்

இப்போது இடப்பக்கம் திரும்புங்கள். தெற்குக் கரையில் பார்த்தது போதாது என்று தோன்றினால், ஏரிக்கு வடக்கே ஹோப் ரோட்டைத் தாண்டி நார்த் ஏரி வரையுள்ள காட்டுக்குள் போகும் பாதைகளில் திரும்புங்கள்.

சாம்பல் கலந்த வெள்ளை மணல். கையில் அள்ளினால் விரல் இடுக்கில் சலசலவென்று வழிந்துவிடும், பிசுபிசுப்பே இருக்காது. பல்லாயிரம் ஆண்டு மழை அலசி அலசிச் சத்தையெல்லாம் எடுத்துக்கொண்டுவிட்டது. பாஸ்பரஸ் என்பது பேருக்குத்தான். நம் விவசாயி ஒருவரைக் கூட்டிவந்து காட்டினால் எள்ளுக்கூட விளையாது என்று கைவிரிப்பார். அந்த மண்ணில்தான் இத்தனை வகைப் பூக்கள். தென்மேற்கு ஆஸ்திரேலியாவில் ஏறக்குறைய எட்டாயிரம் வகைத் தாவரங்கள் இருக்கின்றன. அவற்றில் சுமார் பாதி உலகில் வேறெங்கும் இல்லை. வளமான மண்ணில் ஒன்றிரண்டு செடிகள் வேகமாக வளர்ந்து மற்றதையெல்லாம் மூடிவிடும். சத்தில்லாத மண்ணில் யாராலும் அப்படி ஆள முடியாது. ஆளுக்கொரு தந்திரம் கண்டுபிடித்துப் பிழைக்க வேண்டும். இந்தப் பக்கம் நடக்கும்போது ஒவ்வொரு செடியையும் ‘நீ எப்படிப் பிழைக்கிறாய்?’ என்று கேட்டுக்கொண்டே நடந்தால் சலிப்பே வராது.

பேங்க்சியாவிலிருந்து தொடங்குவோம். இந்தக் காட்டுக்கே பேங்க்சியா காடு என்றுதான் பெயர். கோணல்மாணலான நடுத்தர மரம். இலை ஓரம் ரம்பப்பல். கிளை நுனியில் சோளக்கதிர் நிமிர்ந்து நிற்பதுபோல் ஒரு பூங்கதிர் இருக்கும். பக்கத்தில் போய்ப் பாருங்கள்: ஒரே பூ இல்லை, நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் வரிசை பிசகாமல் அடுக்கியிருக்கும், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கம்பி வளைந்து நீளும். கீழ்வரிசை முதலில் அவிழும், மேல்வரிசை பிறகு. அதனால் ஒரே கதிரில் பாதி ஒரு நிறமாகவும் பாதி ஒரு நிறமாகவும் தெரிவதுண்டு. மென்சீஸ் பேங்க்சியா இளஞ்சிவப்பும் பொன்னும் கலந்து இலையுதிர் காலம் முதல் குளிர்காலம் வரை பூக்கும். அது ஓயும் நேரத்தில் மெழுகுத்திரி பேங்க்சியா மஞ்சளாகத் தொடங்கிக் கோடை வரை பூக்கும். ஆண்டு முழுக்கத் தேன் என்று சொல்லலாம். நூங்கர் மக்கள் இந்தக் கதிரைத் தண்ணீரில் ஊறவைத்து இனிப்புப் பானம் செய்தார்கள். இதன் தந்திரம் வேரில் இருக்கிறது. மழைக்காலத்தில் மண்ணின் மேற்பரப்பை ஒட்டிப் பஞ்சுபோல் அடர்ந்த சல்லிவேர்க் கொத்துகளை விட்டு, அமிலம் சுரந்து, மணலோடு ஒட்டிக் கிடக்கும் கொஞ்சநஞ்சப் பாஸ்பரஸையும் கரைத்து எடுத்துக்கொள்ளும். வீட்டுத் தோட்டத்தில் பேங்க்சியா வைத்து, பாசத்தில் பாஸ்பரஸ் உரம் போட்டுக் கொன்றவர்கள் பெர்த்தில் நிறைய.

கங்காரு பா: கங்காருவின் பாதம் மாதிரி இருக்கும் பூ. 1960 முதல் இந்த மாநிலத்தின் மலர். ஆகஸ்டு இறுதி முதல் பூக்கும். சிவந்த தண்டு இடுப்பளவு உயரம். அதன் நுனியில் பச்சைப் பூக்கள். தொடாமல் குனிந்து பார்த்தால் தண்டிலும் பூவிலும் வெல்வெட் மாதிரி ரோமம் தெரியும். குழாய் போன்ற பூ ஒருபக்கம் பிளந்து பின்னால் மடங்கி, ஆறு மகரந்தப் பைகளை முன்னுக்கு நீட்டி வைத்திருக்கும். தேன் அடியில். தண்டில் உட்கார்ந்து தேனுண்ணிப் பறவை அலகை நுழைத்தால், மகரந்தம் அதன் தலை உச்சியில் படும். கங்காரு பா வகைகளில் ஒவ்வொன்றும் பறவையின் உடம்பில் வேறு வேறு இடத்தில் மகரந்தத்தைப் பூசிவிடுமாம்; ஒன்றின் மகரந்தம் இன்னொன்றில் கலக்காது. பத்து நிமிடம் ஒரு செடிக்கு எதிரே அசையாமல் நின்றால், மஞ்சள் பூசிய தலையோடு ஒரு பறவை வருவதைப் பார்த்துவிடலாம்.

பாதையோரத் தரையில், ஜூலை, ஆகஸ்டில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்த இலைகள் மணலோடு மணலாகப் படுத்திருக்கும். அது ட்ரோசெரா, பூச்சி தின்னும் செடி. இலைமேல் உள்ள ஒவ்வொரு ரோமத்தின் நுனியிலும் பசை முத்து. எறும்பு ஒட்டிக்கொண்டால் ரோமங்கள் மெல்ல வளைந்து மூடும். மண் தராத சத்தை எறும்பிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. வெயில் ஏறும் முன் அந்த முத்துகளில் வெளிச்சம் படும்படி பார்த்தால் அழகு. குழந்தைகளுக்கு ஏரியைவிட இதுதான் பிடிக்கும்.

ஆர்க்கிட் பூக்கள் இங்கே மரத்தில் தொற்றுவதில்லை, தரையில் முளைக்கும். கோடை முழுக்க மண்ணுக்கடியில் கிழங்காகத் தூங்கி, மழைக்குப் பிறகு எழும். கழுதை ஆர்க்கிட்டுக்கு மேலே இரண்டு காதுகள் நிமிர்ந்து நிற்கும். மஞ்சளும் அரக்கும் கலந்த நிறம். தேன் ஒரு சொட்டும் கிடையாது. அதே காலத்தில் அதே காட்டில் பூக்கும் அவரைக் குடும்பத்துப் புதர்ப்பூக்களின் நிறத்தைக் காட்டி, தேனீயை ஏமாற்றி வரவழைக்கிறது. கௌஸ்லிப் ஆர்க்கிட் முழு மஞ்சள், நடுவில் சிவப்புப் புள்ளிகள். ஒன்றைப் பார்த்துவிட்டால் சுற்றிலும் பத்து இருக்கும். அதனால் காலடி கவனம். ஆர்க்கிட்டைத் தோண்டி வீட்டுக்குக் கொண்டுபோனால் பிழைக்காது. அதன் வேரோடு வாழும் பூஞ்சை அந்த மணலில்தான் இருக்கிறது.

கடைசியாக, பிராக் பருவத்து மரம். நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பரில் உச்சமாக, இலை தெரியாதபடி ஆரஞ்சு மஞ்சளில் கொழுந்துவிடும் நியூட்சியா. கிறிஸ்துமஸ் நேரத்தில் பூப்பதால் இங்கே கிறிஸ்துமஸ் மரம் என்கிறார்கள். நம் மாமரத்தில் தொற்றிக்கொண்டு மரத்தை உறிஞ்சுமே புல்லுருவி, இது அதன் குடும்பம். இது கிளையில் தொற்றுவதில்லை. தனி மரமாக நின்று, வேரை நீளமாக விட்டு, அக்கம்பக்கத்துச் செடிகளின் வேரைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றி வளையம் போட்டு, உள்ளே கத்தி போன்ற ஓர் உறுப்பால் அறுத்து, சாற்றை எடுத்துக்கொள்ளும். தரையடித் தொலைபேசிக் கம்பியை வேர் என்று நினைத்து அறுத்ததும் உண்டு. அத்தனை திருட்டுக்கும் பிறகு அப்படி ஒரு பூ! நூங்கர் மக்களுக்கு இது மரியாதைக்குரிய மரம். கிளையை ஒடிக்க வேண்டாம்.

ஏமாற வேண்டாத பூக்கள்

முதன்முறை வருபவர்கள் பெரும்பாலும் படம் எடுப்பது களைகளைத்தான். நீரோரத்தில் வெள்ளைப் புனல் போல் நிற்கும் ஆரம் லில்லி, மணம் வீசும் ஃப்ரீசியா, புல்வெளியை மஞ்சளாக்கும் சோர்சாப் (நம் புளியாரையின் இனம்) எல்லாமே தென்னாப்பிரிக்காவிலிருந்து தோட்டச் செடியாக வந்து காட்டுக்குள் புகுந்தவை. பளிச்சென்று, கூட்டமாக, நடைபாதை விளிம்பிலேயே பூத்திருந்தால் சந்தேகப்படுங்கள். உள்ளூர்ப் பூ பெரும்பாலும் சின்னது, தள்ளித் தள்ளி இருக்கும், தேட வைக்கும்.

பறவையிலும் இப்படித்தான். கிளையில் உட்கார்ந்து கெக்கெக்கென்று சிரிக்கும் குக்கபரா, ஆஸ்திரேலியாவின் கிழக்கிலிருந்து கொண்டுவந்து விட்டது. வானவில் நிறக் கிளிக்கூட்டம் 1960-களில் கூண்டிலிருந்து தப்பிப் பெருகியது. நம் புள்ளிப்புறாவும் சிறிய தவிட்டுப்புறாவும்கூட இங்கே இருக்கின்றன. 1898-இல் பெர்த் உயிரியல் பூங்கா திறந்துவிட்டவற்றின் வாரிசுகள். பார்த்ததும் ஊர் ஞாபகம் வரும், வரட்டும். ஆனால் பட்டியலில் இந்த ஊர்ப் பறவையாக எழுதவேண்டாம்.

காட்டுப் பறவைகள்

பேங்க்சியா பக்கத்தில் யாரோ தொண்டையைக் கனைப்பது கேட்டால் அது ரெட் வாட்டில்பேர்ட். கழுத்தோரம் சிவப்புச் சதைத் துணுக்கு தொங்கும் பெரிய தேனுண்ணி. தன் மரத்தைச் சண்டை போட்டுக் காக்கும். அது அசந்த நேரத்தில் பழுப்புத் தேனுண்ணிகள் வந்து போகும். பாதையில் முன்னே முன்னே தாவி, விசிறிபோல் வாலை ஆட்டி ஆட்டிக் கூட்டிப்போகும் கறுப்பு வெள்ளைக் குருவி வில்லி வாக்டெயில். நூங்கர் பெயர் ஜிட்டி ஜிட்டி. நம் விசிறிவால் குருவியின் இனம். தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய காக்கையை விரட்டும் தைரியசாலி.

அக்டோபரில் வானவில் பஞ்சுருட்டான் வடக்கிலிருந்து வந்துவிடும். நம் பஞ்சுருட்டானைப் பார்த்தவருக்கு அறிமுகம் தேவையில்லை. ஆனால் கூடு வைக்கும் இடம் கவலை தரும்: ஆற்றங்கரைச் சரிவு கிடைக்காத இந்தச் சமவெளியில், தட்டையான மணல் தரையிலேயே சாய்வாகச் சுரங்கம் தோண்டும். வாசல் எலிவளை அளவுதான். நடைபாதையிலிருந்து ஒரு முழம் தள்ளிக்கூட இருக்கலாம். அவிழ்த்துவிட்ட ஒரு நாய் போதும், ஒரு கூட்டை அழிக்க. பஞ்சுருட்டான் ஒன்று வாயில் பூச்சியோடு பக்கத்துக் கம்பியில் நெடுநேரம் உட்கார்ந்து உள்ளே போகாமல் தவித்தால், நீங்கள் அதன் வாசலில் நிற்கிறீர்கள் என்று பொருள். நகர்ந்துவிடுங்கள்.

கோடையின் நடுவிலிருந்து அடுத்த குளிர்காலம் வரை, நீண்ட அழுகை போல ஒரு குரலோடு கறுப்புக் கிளிக்கூட்டம் தலைக்குமேல் போகும். வாலில் வெள்ளைப் பட்டை இருந்தால் பெரும்பாலும் கார்னபி காக்கட்டூ. உள்நாட்டுக் கோதுமைப் பகுதியில் பொந்துகளில் குஞ்சு பொரித்துவிட்டு, பேங்க்சியா விதை தின்னக் கடலோரச் சமவெளிக்கு வருகிறது. அழிவின் விளிம்பில் இருக்கும் இனம். வாலில் சிவப்பு இருந்தால் அது வேறு இனம்; நகரத் தெருக்களில் நட்ட மலைவேம்பின் காயைத் தின்னப் பழகிவிட்டது. கார்னபிக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை, பேங்க்சியா வேண்டும். அந்தக் காடோ சுருங்கிவிட்டது. இந்தச் சமவெளியின் பேங்க்சியா காடுகள் 2016-இல் ஆஸ்திரேலியக் கூட்டரசின் அழியும் நிலையிலுள்ள சூழல் பட்டியலில் சேர்ந்தன. அதே ஆண்டு டிசம்பரில், நீங்கள் நிற்கும் பிப்ரா ஏரிக்கும் நார்த் ஏரிக்கும் நடுவே நெடுஞ்சாலை போட மரங்களை வெட்டத் தொடங்கினார்கள். ரோ 8 என்பது திட்டத்தின் பெயர். மக்கள் இயந்திரங்களின் முன்னால் நின்றார்கள், கைதானார்கள். 2017 மார்ச் தேர்தலில் ஆட்சி மாறிய பிறகுதான் வேலை நின்றது. வெட்டிய பட்டையில் இப்போது மறுபடி செடி நட்டு வளர்க்கிறார்கள். நார்த் ஏரிப் பக்கம் போகும்போது மரங்களின் உயரம் திடீரென்று குறையும் இடம் அதுதான்.

கையில் என்ன, காலில் என்ன

மூடிய ஷூ, முழுக்கால் சட்டை. புடவையில் வருபவர்கள் தார்ப்பாதையோடு நின்றுகொள்வது நல்லது. தொப்பியும் தண்ணீரும் மேகமூட்டத்திலும் வேண்டும். இங்கத்திய வெயில் கண்ணுக்குத் தெரியாமல் சுடும். ஒரு சுருள் இறுக்குத் துணிக்கட்டு பையில் இருக்கட்டும். டைகர் ஸ்நேக், டுகைட் என்ற இரண்டு கொடிய பாம்புகள் இந்த ஏரிக்கரைகளில் உண்டு. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை நடமாட்டம் அதிகம். பார்த்தால் நின்று வழிவிடுங்கள், கல்லெடுக்காதீர்கள். கடித்துவிட்டால் கடிவாயைக் கழுவக்கூடாது, அறுக்கக்கூடாது, நடக்கவும் கூடாது. கடிபட்ட கை அல்லது கால் முழுவதும் துணிக்கட்டை இறுக்கிச் சுற்றி, அசையாமல் வைத்து, 000 எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை மேக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவை கூட்டைக் காக்கத் தலைமேல் பாயும். ஓடாமல், அதன் மேல் ஒரு கண் வைத்தபடி, விலகி நடந்துவிடுங்கள். பாதையில் குட்டை வாலோடு தடித்த பல்லி ஒன்று நீல நாக்கை நீட்டினால் பயம் வேண்டாம், அது பாப்டெயில். பூவும் இலையும் நத்தையும் தின்னும். வசந்தத்தில் ஜோடியாகத் திரியும். ஒன்றைத் தூக்கி வேறிடத்தில் விட்டால் மற்றது தேடி அலையும்.

காட்டுக்குள் நுழையுமுன் ஷூவின் அடியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுப் போங்கள், வெளியே வந்ததும் மறுபடி தட்டுங்கள். டைபேக் என்ற வேரழுகல் நோய் ஈரமண்ணோடு பரவுகிறது. அது வந்த இடத்தில் பேங்க்சியாவும் புல்மரமும் ஒட்டுமொத்தமாகக் காயும், மருந்து அடித்து முற்றாக ஒழிக்க வழியில்லை. பாதையை விட்டு இறங்காதீர்கள். பூ பறிக்காதீர்கள், அரசு நிலத்தில் அனுமதியில்லாமல் உள்ளூர்ப் பூவைப் பறிப்பது சட்டப்படி குற்றம், ஒன்றே ஒன்று சாமிக்கு என்றாலும்.

அடிபட்ட பறவையோ ஆமையோ கண்டால் ஹோப் ரோட்டில் இருக்கும் நேட்டிவ் ஆர்க் காட்டுயிர் மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் பாம்புக்கழுத்து ஆமைகள் முட்டையிட மணல் தேடிச் சாலையைக் கடக்கும். ஏரியைச் சுற்றியுள்ள சாலைகளில் கார் ஓட்டுபவர் கொஞ்சம் மெதுவாகப் போகவேண்டும்.

நடை பிடித்துப்போனவர்கள் அடுத்ததாகத் தெற்கே தாம்சன்ஸ் ஏரிக்குப் போகலாம். 1990 முதல் ராம்சர் பட்டியலில் உள்ள ஏரி, வேலியிட்ட காடு, உள்ளே கங்காருவும் உண்டு. ஆனால் அங்கே இங்கிருப்பதுபோல் விளையாட்டுத் திடல் வசதி கிடையாது. பிள்ளைகளோடும் முழங்கால் வலியோடும் வருபவர்களுக்குப் பிப்ராவே சரி. ஆண்டில் ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்பவர்களுக்கு என் தேர்வு செப்டம்பர் கடைசி வாரம், காலை ஏழரை மணி, முந்தின நாள் மழை பெய்து வெறித்திருந்தால் இன்னும் நல்லது.